மூன்று வேளையும் நூற்று முப்பது

மார்ச் 3

அண்ணிக்கு,

பாப்பா எப்படி இருக்கிறாள்? நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கப் பொறுமை இல்லை. முதலில் இதைக் கேட்டுவிடுகிறேன்.

கப்பலில் ஏறிப் பத்து நாளாகிறது. இங்கே ஆளுக்கு வாரம் ஒரு கடிதம்தான் கப்பல் கம்ப்யூட்டர் வழியாக அனுப்பலாம், வருவதைக் காகிதத்தில் அச்சடித்துத் தருவார்கள். எழுத்து மட்டும். படம், குரல், வீடியோ எதுவும் போகாது, வராது. கரை தொட்டால்தான் என் போனுக்கு உயிர் வரும். இந்த வாரத்துக் கடிதத்தை உங்கள் தம்பிக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். கோபித்துக்கொள்வார். பரவாயில்லை. அவர் விடியுமுன் பஸ் டிப்போவுக்குப் போனால் இருட்டிய பிறகுதானே வருகிறார், பாப்பா பகல் முழுக்க உங்களிடம்தானே இருக்கிறாள்.

என் வேலையைக் கேட்டீர்களே. நான் நாலாவது இன்ஜினியர். என் பொறுப்பு ஆர்.ஓ. நம் சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கிறதே, அதன் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல்நீரை மணலில் வடிகட்டி, மெல்லிய வடிகட்டி இரண்டில் மறுபடி வடிகட்டி, பிறகு பயங்கர அழுத்தத்தில் சவ்வுக் குழாய்களுக்குள் தள்ள வேண்டும். பத்துக் குடம் கடல்நீர் உள்ளே போனால் மூன்று குடம் நல்ல தண்ணீர். மீதி ஏழும் இன்னும் உப்பாகிக் கடலுக்கே போய்விடும். மணிக்கு ஒரு தரம் அழுத்தம், வெப்பம், உப்பின் அளவு மூன்றையும் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். எழுதாத வேலை செய்யாத வேலை என்பார் எங்கள் சீஃப் இன்ஜினியர்.

அதேபோல உங்களிடம் ஒன்று கேட்கிறேன், சிரிக்கக் கூடாது. பாப்பாவுக்கும் ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, ஒவ்வொரு வேளையும் குடித்த பால் எத்தனை மில்லி, காய்ச்சல் உண்டா, எத்தனை மணிக்குத் தூங்கினாள். முக்கியமாக, நான் பழைய போனில் பேசிப் பதிவு செய்து வைத்துவிட்டு வந்த எட்டு நிமிடக் குரலை மூன்று வேளையும் போட்டீர்களா என்று ஒரு டிக்.

ஒன்பது மாதக் குழந்தை. நான்கு மாத ஒப்பந்தம். நான் திரும்பி வரும்போது அவள் என்னை மறந்திருக்கக் கூடாது. அவ்வளவுதான் அண்ணி எனக்கு வேண்டும். துறைமுகத்தில் கடைசியாக வீடியோவில் பார்த்தபோது என்னைப் பார்த்துவிட்டு உங்கள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வெட்கம் என்றீர்கள். பெற்றவளிடம் என்ன வெட்கம்?

உங்கள் தம்பி மனைவி

மார்ச் 8

இன்ஜினியரம்மாவுக்கு,

பொடிசு நல்லா இருக்கா. நோட்டுப் போட்டாச்சு. ஒரு பழைய அளவு நோட்டு, முதல் பக்கத்துல யாரோ ஒருத்தரோட பிளவுஸ் அளவு இருக்கு, ரெண்டாம் பக்கத்துலேர்ந்து உன் மக.

உன் பெரியப்பா ஆர்.ஓ.வைப் பத்தி உன் வீட்டுக்காரன் படிச்சுக் காட்டினான். பத்துக் குடம் ஊத்தி மூணு குடம் வாங்கறதுக்கு இவ்வளவு படிப்பான்னு கேட்டேன். அவனுக்கு ரோஷம் வந்துடுச்சு. பெருமையாத்தான் இருக்கான், வெளியில காட்டிக்க மாட்டான்.

எனக்குக் கல்யாணம் ஆகலைங்கறதால குழந்தை வளர்க்கத் தெரியாதுன்னு நினைச்சுக்காதே. உன் புருஷனையே நான்தான் வளர்த்தேன். கழட்டின சாக்ஸைக் கழட்டின இடத்துலயே விட்டுட்டுப் போவான், மத்தபடி குறை சொல்ல முடியாது.

நான் மெஷின்ல உட்கார்ந்தா பொடிசு காலடியில வந்து உட்கார்ந்துக்குது. தையல் மெஷின் சத்தம் கேட்டா அஞ்சே நிமிஷம், தூங்கிடுது. வெட்டுத் துணியில ரெண்டு கவுன் தைச்சுப் போட்டேன், ராணி மாதிரி இருக்கு. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அண்ணி

மார்ச் 17

அண்ணிக்கு,

கடிதமும் முதல் வார நோட்டும் கிடைத்தன. நன்றி.

அவளுக்குப் பொடிசு என்று யார் பெயர் வைத்தது? நான் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். குரல் பதிவிலும் பாப்பா என்றுதான் இருக்கிறது. ஆளுக்கொரு பெயர் சொன்னால் குழந்தை குழம்பாதா? கவுன் தைத்ததற்குச் சந்தோஷம். ஆனால் நான் ஒரு வயது வரைக்கும் போடுகிற கவுன்களை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு வந்திருக்கிறேனே. அதையும் போடுங்கள். காசு கொடுத்து வாங்கியது என்பதற்காகச் சொல்லவில்லை. நான் தொட்டு மடித்து வைத்தது.

தையல் மெஷின் சத்தத்தில் தூங்குவது நல்ல பழக்கமா என்று தெரியவில்லை. ஊசி, கத்தரிக்கோல் எல்லாம் கீழே கிடக்கும். பயமாக இருக்கிறது, வேறொன்றுமில்லை.

வேறொன்றும் உண்டு. மறைப்பானேன்? அந்த வரியைப் படித்ததும் காகிதத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டேன். என் தொடையில் அரைமணி ஆட்டினாலும் தூங்காதவள் உங்கள் மெஷினுக்கு ஐந்து நிமிடத்தில் தூங்குகிறாள். பால் நிறுத்தி ஒரு மாதம் கழித்துத்தான் கப்பல் ஏறினேன். ஆனாலும் முதல் வாரம் இரண்டு தடவை சட்டை நனைந்தது. இன்ஜின் அறைச் சூட்டில் எல்லோர் சட்டையும் நனைந்துதான் இருக்கும், யாருக்கும் தெரியவில்லை.

இங்கே சமையல்காரர் என்னைத் தண்ணிக்காரி என்கிறார். "தண்ணிக்காரி, உன் தண்ணியில பருப்பு வேக மாட்டேங்குது" என்பார். பருப்புப் பழசாக இருக்கும். இருபத்திரண்டு பேர் குளிப்பதும் குடிப்பதும் என் கையில் இருக்கிறது, என் பிள்ளைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்க நான் இல்லை.

குரலைக் கேட்கும்போது பாப்பா என்ன செய்கிறாள்? டிக் மட்டும் போட்டிருக்கிறீர்கள். சிரிக்கிறாளா, தேடுகிறாளா என்று ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் தம்பி மனைவி

மார்ச் 26

இன்ஜினியரம்மாவுக்கு,

தைக்கிற துணி நிறைய வந்திருக்கு, சுருக்கமா எழுதறேன். நோட்டு இதோ.

மார்ச் 21. காலை 130, மதியம் 130, ராத்திரி 130. காய்ச்சல் இல்லை. ஏழரைக்குத் தூங்கினா. குரல் மூணு வேளையும் போட்டேன்.
மார்ச் 22. காலை 130, மதியம் 130, ராத்திரி 130. காய்ச்சல் இல்லை. ஏழரைக்குத் தூங்கினா. குரல் மூணு வேளையும் போட்டேன்.
மார்ச் 23லேர்ந்து 25 வரைக்கும் இதேதான், தனித்தனியா எழுதணுமா?

பாப்பா நல்லா இருக்கா. நீ சொன்ன மாதிரி பாப்பான்னே கூப்பிடறேன். கீழே உன் வீட்டுக்காரன் நாலு வரி எழுதணுமாம்.

அண்ணி

ஏப்ரல் 4

அண்ணிக்கு,

ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.

நாங்கள் இப்போது சூடான கடலில் போகிறோம். பதினைந்து நாளில் கடல்நீரின் வெப்பம் ஆறு டிகிரி ஏறிவிட்டது. வெப்பம் ஏறினால் சவ்வு இளகிக் கொடுக்கும், உப்பு கூடக் கசியும். நூற்று எண்பதில் இருந்த உப்பு இருநூற்று நாற்பதுக்கு வந்துவிட்டது. நான் அழுத்தத்தைக் கொஞ்சம் குறைப்பேன், எண் மறுபடி மாறும். இரும்பும் ரப்பருமான ஒரு மெஷின்கூட மணிக்கு மணி மாறுகிறது. பல் முளைக்கிற குழந்தை ஐந்து நாள், மூன்று வேளையும், சொட்டுக் கூடாமல் குறையாமல் 130 மில்லி குடிக்குமா?

எனக்குக் கணக்குப் பாடம் எடுக்க வந்துவிட்டாள் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நோட்டு பார்த்து எழுதியதில்லை. உட்கார்ந்து எழுதியது. பால் பொய் என்றால் காய்ச்சலும் பொய்யாக இருக்கலாம். குரல் டிக்கும் பொய்யாக இருக்கலாம்.

அப்புறம், உங்கள் தம்பி எழுதிய நாலு வரி. பாப்பா "ம்மா" சொல்கிறாளாம். யாரைப் பார்த்துச் சொல்கிறாள் என்று எழுதவில்லை. அவர் எழுதாமல் விடுகிற ஆள் இல்லை. என் படத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் அதைத்தான் முதல் வரியாக எழுதியிருப்பார்.

என் குழந்தையிடமிருந்து என்னை மெதுவாக அழித்துக்கொண்டிருக்கிறீர்களா அண்ணி? இதை எழுதிவிட்டு அழிக்க நினைத்தேன். அழிக்கவில்லை.

உங்கள் தம்பி மனைவி

ஏப்ரல் 9

உனக்கு,

ஆமாம், பொய்தான். உட்கார்ந்துதான் எழுதினேன். இப்ப நிஜத்தை எழுதறேன், படிச்சுக்கோ.

உன் குரலை முதல் மூணு நாள் போட்டேன். நீ எப்படி ஆரம்பிக்கறேன்னு ஞாபகம் இருக்கா? "பாப்பா, அம்மா வந்துட்டேன் பாரு." எந்தப் புத்திசாலி அப்படி ஆரம்பிக்கச் சொன்னா? நீ வந்துட்டேன்னு சொன்னதும் குழந்தை தவழ்ந்து தவழ்ந்து வாசக் கதவுக்குப் போயிடுது. அங்கே உட்கார்ந்து கதவையே பார்க்குது. எட்டு நிமிஷமும் பார்க்குது. அப்புறம் அழ ஆரம்பிச்சா ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். குடிச்ச பாலெல்லாம் வெளியில. மூணாம் நாள் போனை அணைச்சுத் துணிப் பெட்டிக்கு அடியில வச்சேன். அன்னையோட சரி. அதுக்கப்புறம் போட்ட டிக் எல்லாம் சும்மா.

பாலும் அப்படித்தான். பத்து நாள் பாட்டிலைத் தொடவே இல்லை. ஒரு வேளை 40, ஒரு வேளை 60, ஒரு வேளை ஒண்ணுமில்லை. ஸ்பூன்ல ஊட்டினேன். டாக்டர்கிட்ட ரெண்டு தடவை போனோம். எடை குறைஞ்சுது, இப்ப தேறிட்டா. உனக்கு 40ன்னு எழுதினா நீ நடுக்கடல்ல என்ன பண்ணுவே? குதிச்சு நீந்தி வருவியா?

"ம்மா" என்னைப் பார்த்துத்தான் சொல்றா. "அத்தை"ன்னு திருத்தினேன். "ம்மா"ன்னா. "அத்தை டீ"ன்னேன். சிரிச்சுட்டு மறுபடி "ம்மா"ன்னா. பத்து மாசக் குழந்தைகிட்ட உறவுமுறை பேசி ஜெயிக்க எனக்குத் தெம்பு இல்லை.

அழிக்கறேனாம். ராத்திரி பகலா இடுப்புல தூக்கிக்கிட்டு நின்னவகிட்ட எழுதற வார்த்தையா இது? என் தம்பியா இருந்தா கன்னத்துல ஒண்ணு விட்டிருப்பேன்.

அண்ணி

ஏப்ரல் 16

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் பதினொன்றாம் தேதி பகல் ஒரு மணிக்கு என் கைக்கு வந்தது. எனக்குப் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை வேலை. அறைக்கு எடுத்துப் போய்ப் படித்தேன்.

உண்மையைச் சொல்கிறேன். கதவைப் பார்த்து உட்கார்ந்தாள் என்ற இடம் வந்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் குழந்தை ஒன்றரை மணி நேரம் அழுதாள், வாந்தி எடுத்தாள், அதைப் படித்து எனக்கு வந்தது சந்தோஷம். மறக்கவில்லை, என்னைத்தான் தேடியிருக்கிறாள், உங்கள் தையல் மெஷின் என் குரலிடம் தோற்றுவிட்டது. அந்த வரியை மட்டும் எத்தனை தடவை படித்தேனோ தெரியாது. "ம்மா" வந்த பத்தியைப் படிக்கும்போது காகிதத்தைக் கசக்கினேன். மறுபடி நீவி எடுத்து மேலே போய்க் கதவு வரியையே படித்தேன். பெற்றவள் இப்படியும் இருப்பாளா என்று நீங்கள் கேட்கலாம். நானே கேட்டுக்கொண்டேன்.

இதற்கிடையில் நான் செய்து வைத்த காரியத்தைக் கேளுங்கள். ஆர்.ஓ.வில் ஒரு வால்வு உண்டு. உப்பு அளவுக்கு மேல் போனால் அது தானாகத் திரும்பிக்கொண்டு, கெட்ட தண்ணீரைக் குடிநீர்த் தொட்டிக்கு விடாமல் வெளியே தள்ளிவிடும். உப்பை அளக்கிற கருவியைச் சுத்தம் செய்வதற்காக ஒரு மணிக்குச் சற்று முன் அந்த வால்வைக் கையால் தொட்டிப் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். வேலை முடிந்ததும் பழையபடி தானியங்கிக்கு மாற்ற வேண்டும். மாற்றவில்லை. கடிதம் வந்துவிட்டது. மேலே போய்விட்டேன். அந்த நேரம் பார்த்து ஒரு சவ்வுக் குழாயின் முனையில் இருக்கிற ரப்பர் வளையம் கிழிந்து, கடல்நீர் நேராக நல்ல தண்ணீரில் கலந்திருக்கிறது. மூன்று மணி நேரம்.

நான்கு மணிக்கு ஓடி வந்தேன். இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் நோட்டில் கட்டம் காலியாக இருந்தது. ஒரு மணிக்கு எழுதிய 240ஐப் பார்த்து இரண்டுக்கும் 240, மூன்றுக்கும் 240 என்று எழுதிவிட்டேன். கருவியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை அண்ணி. பார்த்திருந்தால் அது ஆயிரக்கணக்கில் காட்டியிருக்கும்.

நாலேகாலுக்குச் சமையல்காரர் மேலிருந்து கத்தினார்: "தண்ணிக்காரி, டீயில சர்க்கரைக்குப் பதிலா உப்பை நீயே போட்டு அனுப்பிட்டியா?" ஐந்து நிமிடத்தில் சீஃப் கீழே வந்து நோட்டை எடுத்தார். விரலை மூன்று 240 மேலும் வைத்து, "கடலுக்கு இவ்வளவு ஒழுக்கம் கிடையாதும்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலாம்.

தொட்டியைக் கொட்டிக் கழுவி, வளையம் மாற்றி, மறுபடி நல்ல தண்ணீர் சேர மூன்று நாள். ஆளுக்கு நாளைக்கு ஒரு பக்கெட் தண்ணீர்தான். சமையல்காரர் தண்ணிக்காரி என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

நேற்று சீஃப் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இருபத்தெட்டாம் தேதி ஒரு துறைமுகம். "இறங்கணும்னா அங்கே இறங்கிக்கோ. குடும்பக் காரணம்னு எழுதி அனுப்பிடறேன், இந்த விஷயம் வெளியில போகாது. இருக்கறதுன்னா நடந்ததை நடந்தபடி உன் கையால எழுதிக் கொடுக்கணும். அது உன் பேர்ல நிக்கும்."

இறங்கினால் மே இருபத்துநாலாம் தேதி, பாப்பாவுக்கு ஒரு வயது முடிகிற அன்றைக்கு, வீட்டில் இருப்பேன். உங்கள் இடுப்பிலிருந்து அவளை வாங்கிக்கொள்வேன். அதை நினைக்கும்போது எனக்குக் குழந்தை முகம் வருவதற்கு முன்னால் உங்கள் முகம்தான் வருகிறது. காலியான கையோடு நிற்கிற உங்கள் முகம். அது எனக்குப் பிடித்திருக்கிறது. அதனால்தான் பயமாகவும் இருக்கிறது.

என்ன செய்யட்டும்?

உங்கள் தம்பி மனைவி

ஏப்ரல் 21

உனக்கு,

காலிக் கையோட நிக்கிற என் மூஞ்சியை நினைச்சுப் பார்த்தியாம். நானும் பார்த்திருக்கேன். நீ வர தேதியை நோட்டுக் கடைசிப் பக்கத்துல எழுதி வச்சு, ஒவ்வொரு நாளா அடிச்சுக்கிட்டு வரேன். உனக்காகன்னு நினைச்சுக்காதே. எனக்கு இன்னும் எத்தனை நாள் இருக்குன்னு பார்க்கறதுக்கு.

குரலை நிறுத்தினதுக்குக் குழந்தை அழுததுதான் காரணம்னு எழுதினேன். அது பாதி. மீதியையும் கேட்டுக்கோ. நாள் முழுக்கத் தூக்கி வச்சிருக்கறவ நான். மூக்கைத் துடைக்கறது நான், பீ அள்ளறது நான். கையளவு டப்பாக்குள்ளேர்ந்து ஒரு குரல் வந்ததும் என்னைத் தள்ளிவிட்டுட்டு இறங்கிப் போகுது. எனக்கு எப்படி இருக்கும்? நாலாம் நாள் அவ அழாமகூட இருந்திருக்கலாம், பழகியிருக்கலாம். நான் போட்டுப் பார்க்கவே இல்லை. போட இஷ்டமில்லை. அது தப்புன்னு அன்னைக்கே தெரியும், தெரிஞ்சுதான் டிக் போட்டேன்.

இறங்கறதும் இருக்கறதும் உன் இஷ்டம். என்னைக் கேட்காதே. இருன்னு நான் சொன்னா, குழந்தையை வச்சுக்க ஆசைப்பட்டுச் சொன்னான்னு நாளைக்குச் சொல்லுவே. அது உண்மையாவும் இருக்கும். வான்னு சொல்ல எனக்கு வாய் வரலை.

நேத்து நிஜக் கணக்கு: காலை 110, மதியம் 70, ராத்திரி 145. நடுவுல என் கையில இருந்த டீயில ஒரு வாய் திருடினா. எட்டு மணி வரைக்கும் தூங்கலை. கீழ்ப்பல் ரெண்டு வந்தாச்சு, என் தோள்ல தழும்பு இருக்கு.

அண்ணி

மே 2

அண்ணிக்கு,

இறங்கவில்லை. துறைமுகத்தை விட்டு நான்கு நாளாகிறது.

அங்கே போன் வேலை செய்தது. கூப்பிடவில்லை. கூப்பிட்டால் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடிவந்திருப்பேன். குடும்பக் காரணம் என்ற பொய்யோடு வீட்டுக்கு வந்தால் மறுபடி எந்தக் கப்பலும் ஏற மாட்டேன். ஏறாத ஒவ்வொரு நாளும் அந்தக் கோபம் யார் தலையில் விழும்? முதலில் உங்கள் தலையில். பிறகு பாப்பா தலையில். அவளுக்காகத்தான் எல்லாவற்றையும் விட்டேன் என்று அவளுக்குப் பத்து வயதாகும்போது சொல்லிக் காட்டுவேன். எனக்கு என்னைத் தெரியும்.

நடந்ததை நடந்தபடி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். "பகல் இரண்டு, மூன்று மணி அளவுகள் பார்த்து எழுதப்பட்டவை அல்ல" என்றும் அதில் எழுதினேன். சீஃப் படித்துவிட்டு, "சரி, ஒரு மணிக்கு என்ன அளவு, போய்ப் பார்த்துட்டு வா" என்றார். 265. ஏறிக்கொண்டிருக்கிறது. சவ்வை மருந்து போட்டுக் கழுவ வேண்டும், இந்த வாரம் அதுதான் வேலை.

இன்னும் ஏழு வாரம். இனி குரலைப் போடாதீர்கள். வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பது நான் செய்த தவறு. அவள் "ம்மா" என்றால் திருத்தாதீர்கள், திரும்பிப் பாருங்கள். இந்த வரியை எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு வயது முடிகிற அன்றைக்கு நீங்கள் தைத்த கவுனையே போடுங்கள். நான் வாங்கி வைத்தவை அதற்குள் சின்னதாகியிருக்கும்.

ஆனால் இதற்கெல்லாம் சேர்த்து ஒன்று கேட்பேன். தர வேண்டும். நான் வீட்டுக்கு வந்ததும் அவள் என்னிடம் வர மாட்டாள். உங்களைப் பார்த்துக் கையை நீட்டி அழுவாள். அப்போது நீங்கள் எடுக்கக் கூடாது. அவள் கண்ணில் படவே கூடாது. இரண்டு நாள். எவ்வளவு அழுதாலும் என் மடியிலேயே அழட்டும். பெருந்தன்மையான மனுஷி இப்படிக் கேட்க மாட்டாள் என்று தெரியும். நான் அவள் இல்லை.

உங்கள் தம்பி மனைவி

மே 7

இன்ஜினியரம்மாவுக்கு,

நேத்து காலை 120, மதியம் 90, ராத்திரி 130. ராத்திரி நிஜமாவே 130தான், வேணும்னா வந்து அளந்து பாரு.

ரெண்டு நாளெல்லாம் என்னால முடியாது. ஒரு நாள் அவ கண்ணுல படாம இருக்கேன். காலையில கிளம்பித் துணி வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிடறேன், கடை அடைக்கிற வரைக்கும் அங்கேயே சுத்தறேன். வீட்டுக்கு வந்த பிறகும் அவ அழுதுக்கிட்டு இருந்தா நான் தூக்குவேன். நீ என்ன நினைச்சாலும் சரி.

அண்ணி